பறந்து பார்த்து, எழுதிச் சொல்பவர்



பாலக்காடு மாவட்டத்தில் நென்மாறை இருக்கிறது. நெல்லியாம்பதி மலைக்குப் போகும் வழி அது. அதன் பக்கத்தில் திருவழியாடு என்று ஓர் ஊர். 1976 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அங்கே பிறந்தவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர்.

இந்தியா தன் சொந்த விண்கலத்தில் மனிதரை அனுப்பத் திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தின் பெயர் ககன்யான். அதற்குத் தேர்வான நான்கு பேரில் இவர் ஒருவர்.

நாயர் 1998-இல் விமானப்படை அதிகாரி ஆனார். பயிற்சியில் முதல் இடம் பெற்றதற்காக அவருக்கு வீரவாள் கொடுத்தார்கள். போர் விமானம் ஓட்டினார். தாம்பரத்தில் படித்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார். சோதனை விமானியும் ஆனார்.

சோதனை விமானி என்றால் யார்?

புதிய விமானம் ஒன்று செய்கிறார்கள். அல்லது பழைய விமானத்தில் புதுக் கருவி பொருத்துகிறார்கள். அது சரியாகப் பறக்குமா? எவ்வளவு வேகம் தாங்கும்? எப்போது ஆட்டம் காணும்? பறந்து பார்த்தால்தான் முழுதும் தெரியும். அப்படி முதலில் பறந்து பார்ப்பவரே சோதனை விமானி.

இதற்குத் துணிச்சல் வேண்டும். துணிச்சல் மட்டும் போதாது. முதல் நாளே முழு வேகத்தில் போகக் கூடாது. இன்று கொஞ்சம், நாளை இன்னும் கொஞ்சம். சோதிக்க வேண்டியவை ஓர் அட்டையில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகச் செய்து குறித்துக்கொள்வார். இறங்கியதும் அறிக்கை எழுதுவார். “நன்றாகப் பறந்தது” என்று எழுதினால் போதாது. எந்த உயரம், எந்த வேகம், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதைப் படித்துத்தான் பொறியாளர்கள் குறையைச் சரிசெய்வார்கள். பின்னால் ஓட்டப்போகிறவர்களின் உயிர் அந்த எழுத்தில் இருக்கிறது.

விண்கலமும் புதிய வாகனம்தான். அதனால்தான் நான்கு சோதனை விமானிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1984-இல் விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மாவும் சோதனை விமானியே.

2020 பிப்ரவரியில் நால்வரும் ருஷ்யாவில் பயிற்சி தொடங்கினார்கள். அப்போது நாயருக்கு வயது 43. ருஷ்ய மொழிப் பாடமும் இருந்தது. புது எழுத்து, புதுச் சொற்கள். திரும்பி வரும் கலம் காட்டில் இறங்கலாம், கடலிலும் இறங்கலாம். உதவி வரும்வரை அங்கே உயிர் பிழைத்திருக்கவும் பழகினார்கள். கொரோனாவால் பயிற்சி சில வாரம் நின்றது. மே மாதம் மீண்டும் தொடங்கியது. 2021 மார்ச்சில் முடிந்தது. 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நால்வரின் பெயரையும் நாட்டுக்கு அறிவித்தார்கள்.

2025-இல் இந்தியர் ஒருவர் அமெரிக்க ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக ஏற்பாடு ஆனது. சுபான்ஷு சுக்லா போக வேண்டும். அவரால் போக முடியாவிட்டால் நாயர் போக வேண்டும். ஆகவே இருவரும் பயிற்சி பெற்றார்கள். புறப்படும் நாள் பலமுறை தள்ளிப்போனது. ராக்கெட்டில் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்தார்கள். ஜூன் 25-இல் சுக்லா புறப்பட்டார். ஜூலை 15-இல் பத்திரமாகத் திரும்பினார். நாயர் பூமியிலேயே இருந்தார்.

அவர் பட்ட பாடு வீணா? இல்லை. மாற்று ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே பலருடைய உழைப்பு நின்றுபோகும். 1984-இல் ராகேஷ் சர்மாவுக்கும் மாற்று ஆள் இருந்தார். அவர் ரவீஷ் மல்ஹோத்ரா. அவரும் முழுப் பயிற்சி பெற்றுக் காத்திருந்தவரே.

நண்பர்களே, சோதனை விமானியின் பழக்கம் ஒன்று நமக்கும் உதவும். பார்த்ததை உடனே குறித்து வைப்பதுதான் அது. ஏலத் தோட்டத்தில் மருந்து அடித்த தேதி, பம்புசெட் பழுதான நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும்போது நோட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லலாம்.