தந்தைக்கும் உரிமை உண்டு. பிள்ளைக்கு அதைவிட உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில், வழக்கறிஞராகப் பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



விடுதி நாட்களில் எண்ணெய் பரோட்டாவுக்காகச் சுவர் ஏறிக் குதித்தவனைச் சட்டம் பேசச் சொல்லியிருக்கிறீர்கள்! பரவாயில்லை. சட்டத்தோடு என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கறுப்புக் கோட்டுப் போட்ட புதுசு. பட்டாசு ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். மனைவி கோபித்துக்கொண்டு மூன்று வயது மகளோடு தாய்வீடு போய்விட்டார். "சார், பிள்ளைய ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றார். நான் பெரிய மேதாவி மாதிரி, "கவலைய விடுங்க அண்ணாச்சி! தகப்பனார்தான் இயற்கைக் காப்பாளர்னு சட்டமே சொல்லுது. பிள்ளைய உங்ககிட்ட விடுற வரைக்கும் செலவுக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க" என்றேன். வாய்தா மேல் வாய்தா. மூன்று வருஷம் ஓடியது. ஒருநாள் கோர்ட் வராந்தாவில் அந்தப் பிள்ளை தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டது. அவர் வாங்கிவந்த சாத்தூர் சேவுப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது.

அவர் கேட்டது பார்க்க. நான் போட்டது பறிக்க. அங்கேதான் தவறு.

நான் அரைகுறையாகப் படித்த சட்டம் இதுதான். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தந்தை இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்கிறது. ஆனால் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஐந்து முடிந்தால் தானாகத் தகப்பனுக்கு வந்துவிடும் என்று நம்ம ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 13ஆவது பிரிவு பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ல் உச்சநீதிமன்றம், தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் காப்பாளராக இருக்கலாம் என்று விளக்கிவிட்டது.

அதற்கு முன்பே, நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தகப்பன் தகுதியானவர் என்பது மட்டும் போதாது, பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல.

அப்படியானால் தந்தைக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, பார்க்கும் உரிமை. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். நேரில் பார்ப்பதோடு, போனிலும் வீடியோவிலும் பேச வழி செய்யவேண்டும் என்று 2020ல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர் தகப்பனுக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டாவது, எந்த மதத்தவரும் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனுச் செய்யலாம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போடவேண்டும். தகப்பன் திருப்பூரில் இருந்தாலும், பிள்ளை சிவகாசியில் வளர்ந்தால், நம் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் வரவேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

மூன்றாவது, நம் பகுதிக்கு முக்கியமானது. வெடி விபத்தில் தாய் போய்விட்டால், பிள்ளையைப் பாட்டி வீட்டார் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாசம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் தாய் புற்றுநோயில் இறந்து, தாய்வழி உறவினர் அன்போடு வளர்த்த குழந்தையை, 2019ல் உச்சநீதிமன்றம் தந்தையிடமே ஒப்படைத்தது. தந்தை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

"வக்கீல் பீசுக்கு எங்கே போவது?" என்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆவது பிரிவில், பெண்கள், குழந்தைகளோடு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உண்டு. பட்டாசு ஆபீஸ் தொழிலாளி தைரியமாக ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் படியேறலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜீவனாம்சம் வேறு, பார்க்கும் உரிமை வேறு. "காட்டினால் கொடுப்பேன்" என்று தகப்பன் சொல்லக்கூடாது. "கொடுத்தால் காட்டுவேன்" என்று தாயும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை சம்பளத்தில் பிள்ளைக்குரியதை முதலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் அந்த ரசீது என்னைவிட நன்றாக வாதாடும்!

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலரின் வீட்டிலும் இந்தப் பிரிவு இருக்கலாம். அது உங்கள் குற்றமல்ல. பழைய மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், பஞ்சாயத்தில் பக்கம் சேராதீர்கள். பிள்ளை மாதத்தில் இரண்டு நாளாவது இருவர் மடியிலும் உட்கார வழி செய்யுங்கள்.

அந்த அண்ணாச்சிக்கு நான் பட்ட கடனில் ஒரு பங்கை இன்று இந்த மேடையில் தீர்த்ததாக எண்ணி விடைபெறுகிறேன்.