உங்கள் போனுக்கு எத்தனை மார்க்?



போன மாதம் தங்கையின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு போன் வாங்கப் போனோம். அப்பா கையில் சீட்டுப் பணம். "இதுக்கு ஸ்கோர் ரொம்ப அதிகம் சார்" என்று ஒரு போனைக் காட்டினார் விற்பனையாளர். அப்பா உடனே பணத்தை எடுத்துவிட்டார். "கொஞ்சம் இருங்கப்பா" என்றேன்.

அந்த ஸ்கோர் என்ன? எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பதுபோல, எல்லா போனுக்கும் ஒரே வேலையைக் கொடுப்பார்கள். கோப்பைச் சுருக்குவது, படத்தைத் திருத்துவது, இணையப் பக்கத்தைத் திறப்பது. எவ்வளவு வேகமாக முடிக்கிறது என்பதை மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். இதுதான் பெஞ்ச்மார்க்.

ஆனால் வினாத்தாள் மாறினால் மார்க்கும் மாறும். கீக்பெஞ்ச் 5-இல் அளவுகோலாக வைத்த கணினிக்கு 1000 மதிப்பெண். கீக்பெஞ்ச் 6-இல் வேறொரு கணினிக்கு 2500. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம்.

இன்னொன்று. 2022-இல் சாம்சங்கின் எஸ்10 முதல் எஸ்22 வரையான கேலக்ஸி எஸ் போன்களைத் தன் பட்டியலிலிருந்தே கீக்பெஞ்ச் நீக்கியது. விளையாட்டுகளையும் பல செயலிகளையும் அந்த போன்கள் வேகம் குறைத்து ஓட்டின. கீக்பெஞ்ச் சோதனையை மட்டும் முழு வேகத்தில் ஓட்டின. பரிட்சை அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும் பையன் மாதிரி!

கடையில் டெமோ போனில் சோதனையைத் தொடர்ந்து மூன்று முறை ஓட்டச் சொன்னேன். மூன்றாவது முறை போன் சூடானது; மார்க் நன்றாகவே இறங்கியது. அதைவிடக் குறைந்த விலை போன் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. அதையே வாங்கினோம். மிச்சப் பணத்தில் தங்கைக்குப் புத்தகம் வாங்கியாச்சு.

நீங்களும் இதைச் செய்யலாம். ஒரே செயலி, ஒரே பதிப்பு, ஒரே அளவு சார்ஜ். மூன்று முறை ஓட்டிப் பாருங்க. முதல் எண்ணை மட்டும் நம்பாதீங்க.

கடைசியாக ஒன்று. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால், போன்தான் பழசு என்று முடிவுகட்டாதீர்கள். சிக்னல் குறைவாக இருக்கலாம், சர்வரில் நெரிசல் இருக்கலாம். பிராசசர் மார்க் இவற்றை அளப்பதில்லை. வேறு இடத்தில், வேறு நேரத்தில் ஒருமுறை முயன்று பாருங்கள். அதற்குப் பிறகு புது போனைப் பற்றி யோசிக்கலாம்.