பல்லை அடைத்தால் மட்டும் போதுமா?



"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலதான் காசு கொடுத்து அடைச்சேன். அதுக்குள்ள கழன்று விழுந்துடுச்சு. டாக்டர் மட்டமான சாமான் வச்சிட்டாரு போல."

பல் கிளினிக்கில் காத்திருப்பவர்களிடையே இப்படிப்பட்ட பேச்சை அடிக்கடி கேட்கலாம். சில வேளைகளில் இந்தக் குறை நியாயமானதாகவும் இருக்கும். எச்சில் ஈரம் பட்ட பல்லில் வைத்த அடைப்பு நிலைக்காது. ஆனால் பல வேளைகளில் மருத்துவர் மீதும் குற்றமில்லை, அவர் வைத்த பொருள் மீதும் குற்றமில்லை. நாள் முழுதும் வாய்க்குள் ஊறிக்கொண்டிருக்கும் அமிலம்தான் அங்கே குற்றவாளி.

புளியும் பித்தளையும்

கறுத்துப்போன குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. பித்தளையின் மேல் படிந்த களிம்பைப் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிடுவதே காரணம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக்கூடாது என்று அந்தக் காலத்துப் பாட்டிமார்கள் கண்டித்ததும் இதனால்தான். பாத்திரத்துக்குக் காட்டிய அந்த அக்கறையை நாம் பல்லுக்குக் காட்டுவதில்லை.

அமிலத்தின் வீரியத்தை அளக்க பி.எச். என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே ஓர் எண் இறங்கினால் வீரியம் பத்து மடங்கு கூடும். ஆரோக்கியமான எச்சில் 7ஐ ஒட்டியே இருக்கும். ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதியோ இன்னும் மென்மையானது. 6ஐத் தாண்டிய அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். கோலா பானத்தின் பி.எச். ஏறக்குறைய 2.5. அதாவது, எனாமல் தாங்கக்கூடிய எல்லையைப் போல் ஆயிரம் மடங்கு வீரியம்! எலுமிச்சைச் சாறு அதைவிடச் சற்றுக் கூடுதல் புளிப்பு. நெஞ்செரிச்சலோடு மேலேறி வரும் இரைப்பை நீரோ 1க்கும் 2க்கும் இடைப்பட்டது.

இவை வெளியிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் அமிலங்கள். வாய்க்குள்ளேயே உற்பத்தியாவதும் உண்டு. தே தாரேக்கில் புளிப்பு இல்லை. ஆனால் அதிலுள்ள சீனியைப் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. சீனி இல்லாத கோலா குடிப்பவர்களுக்கும் விடுதலை இல்லை. அதில் கிருமிக்குத் தீனி இல்லையே தவிர, புளிப்பு அப்படியேதான் இருக்கிறது.

எந்தப் பொருள் என்ன ஆகிறது?

பல் அடைக்கும் பொருள்கள் எல்லாம் ஒன்றல்ல. அமிலத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எதிர்கொள்கிறது.

முதலாவது, பழைய வெள்ளி அடைப்பு. இதில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அன்றாட உணவின் அமிலம் இதை எளிதில் கரைப்பதில்லை, மெல்ல மெல்ல அரிக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த அரிப்பில் உண்டாகும் துருவே அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பலருக்கு வெள்ளி அடைப்பு இருபது, முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பாதரசத்தைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பட்ட பிறகு, உலகம் இதைக் கைவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இதைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது.

இரண்டாவது, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினே இதற்கு அடித்தளம். அமிலத்தில் இது உடனே கரைந்து போகாது. ஆனால் மீண்டும் மீண்டும் புளிப்பில் ஊறினால் மேற்பரப்பின் பிசின் இளகும்; கண்ணாடித் துகள்கள் துருத்திக்கொண்டு சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில் கறையும் கிருமியும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தை முறிக்கும் சக்தியும் காம்போசிட்டுக்குப் பொதுவாக இல்லை.

மூன்றாவது, கிளாஸ் அயனோமர். லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இரு விஞ்ஞானிகள் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியுலகுக்கு அறிவித்தது. குழந்தைகளின் பல்லுக்கும் முதியவர்களின் வேர்ப்பகுதிக்கும் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பொருளின் குணம் விசித்திரமானது. வாயில் அமிலம் கூடும்போது இது கூடுதலாக ஃபுளோரைடை வெளியிட்டு, பக்கத்துப் பல்லுக்கு வலுவூட்டும். அமிலத்தையும் ஓரளவு முறிக்கும். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது தானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் சிட்ரிக் அமிலம் இதற்குப் பெரும் எதிரி. மெழுகுவத்தி போல் தன்னைக் கரைத்துப் பல்லைக் காக்கும் பொருள் இது. நாள் முழுதும் புளிப்பு வாயில் இருந்தால், மெழுகுவத்தி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சுற்றியுள்ள பல்லே கரைந்தால்?

இவை எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளி அடைப்பும் காம்போசிட்டும் எனாமலைவிட அமிலத்தை நன்றாகத் தாங்குபவை. ஆகவே அமிலம் மிகுந்த வாயில் முதலில் கரைவது அடைப்பு அல்ல, அதைச் சுற்றியுள்ள பல்! கரை அரித்துப்போன ஆற்றில் பாறை மட்டும் மேடாக நிற்பதைப் போல, அடைப்பு உயர்ந்தும் பல் தாழ்ந்தும் நிற்கும். பல் மருத்துவர்கள் இதைப் பார்த்தவுடனே அமில அரிப்பு என்று சந்தேகிப்பார்கள். சீனியால் வரும் அமிலமோ அடைப்பின் விளிம்பில் புதிய சொத்தையைத் தோண்டும். பிடிமானம் போனபின் அடைப்பு கழன்று விழுகிறது. பழி அடைப்பின் மேல் விழுகிறது.

ஒரே ஒரு போத்தல்

உதாரணத்துக்கு, கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றாவது முறையாக அதே பல்லை அடைக்க வந்திருக்கிறார்.

"அண்ணே, லாரியில என்ன குடிப்பீங்க?" என்று கேட்கிறார் மருத்துவர்.

"கேஸ் தண்ணியெல்லாம் கிடையாதுங்க டாக்டர். விளையாட்டுக்காரங்க குடிக்கிற தண்ணிதான். அதுவும் ஒரே ஒரு போத்தல். ஜொகூர் போய்ச் சேர்ற வரைக்கும் தூக்கம் வராம இருக்க ஒவ்வொரு மடக்கா குடிப்பேன்."

ஒரே ஒரு போத்தல்தான். ஆனால் அதைக் குடித்து முடிக்க ஐந்து மணி நேரம்! சீனி வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த படலத்தில் அமிலம் கூடும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதை 1940களிலேயே ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். ஓட்டுநரின் வாய்க்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. அந்தப் பானத்திலோ புளிப்பும் உண்டு, சீனியும் உண்டு. அதே போத்தலைச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்திருந்தால் சேதம் மிகக் குறைவு. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம்.

எச்சில் என்னும் காவலாளி

அமிலத்தை முறித்து, கரைந்துபோன கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவது எச்சில். உறக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடும். ஆகவே படுக்கும் முன் குடிக்கும் இனிப்புப் பானம் பகலில் குடிப்பதைவிடக் கேடானது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கும் வாய் வறண்டு போகலாம். இவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. ஆனால் பல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தப் பொருளால் அடைப்பது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.

என்ன செய்யலாம்?

புளிப்புப் பானங்களைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் வெறும் தண்ணீர் போதும். அசாம் போயை வாயில் ஒதுக்கிக்கொண்டே வேலை பார்ப்பது, வைட்டமின் சி மாத்திரையை மென்று தின்பது, பல் வெளுக்க எலுமிச்சைத் தோலால் தேய்ப்பது ஆகிய பழக்கங்களை விட்டுவிடுங்கள். புளிப்பு உண்டவுடன் பல் துலக்க வேண்டாம். இளகியிருக்கும் எனாமலைத் தூரிகை தேய்த்துவிடும். தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். மசக்கையால் வாந்தி எடுக்கும் தாய்மார்கள் ஆப்பச் சோடா சிறிது கலந்த நீரில் கொப்பளிப்பது நல்லது. அடிக்கடி நெஞ்செரிச்சல் வருபவர்கள் வயிற்றுக்கும் சிகிச்சை பெற வேண்டும்.

காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, வாயை அதிகம் அலசாமல் விடுங்கள். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

இவ்வளவும் எதற்கு? அடைப்பு விழும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் கெட்ட பகுதியைச் சுரண்டித்தான் மீண்டும் அடைக்க முடியும். ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகும், பல் சிறிதாகும். நாலைந்து முறைக்குப் பிறகு அடைக்க இடமிருக்கும், பிடித்துக்கொள்ளப் பல் இருக்காது. பிறகு வேர்ச் சிகிச்சை, அதற்கும் பிறகு பிடுங்குவது என்று முடியும். நல்ல சாமான் கேட்டு வாங்குவது நம் உரிமை. அது நிலைத்து நிற்க நல்ல வாயைக் கொடுப்பது நம் பொறுப்பு.