வெங்காயமும் சாஸ்திரமும்



வெங்காயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லாத சங்கதிகளுக்கெல்லாம் பெரியாரவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லுவார். நான் பேசுவது குழம்பில் போடுகிற வெங்காயத்தைப் பற்றி.

மனுதர்மத்தின் 5-வது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பூண்டு, வெங்காயம், காளான் இவை துவிஜர்களுக்கு ஆகாதவை, தெரிந்து தின்றவன் பதிதனாவான் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்ன விஷம் அதிலிருக்கிறது என்று வைத்திய நூலான சரக சம்ஹிதையைப் பார்த்தால், வெங்காயம் வாயுவைப் போக்கும், பலம் தரும், ருசியுண்டாக்கும் என்கிறது. கபத்தைக் கூட்டும் என்ற குற்றத்தையும் மறைக்கவில்லை. இரண்டு நூலும் சமஸ்கிருதந்தான், தோழர்களே!

அப்படியானால் வியாதி வந்த பார்ப்பனர் என்ன செய்வார்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். 1890-ல் மத்திய ஆசியாவிலுள்ள குச்சாவில் பவர் என்ற வெள்ளைக்கார இராணுவ அதிகாரிக்கு ஒரு பழைய வைத்தியச் சுவடி கிடைத்தது. அதில் வெங்காயத்தின் பங்காளியாகிய பூண்டைப் பற்றி ஏகப்பட்ட புகழ்ச்சி. ஆனால் விஷ்ணு ஓர் அசுரனின் தலையை வெட்டியபோது சிந்திய இரத்தத்தில் அது முளைத்ததாம். ஆதலால் பார்ப்பனர் தொடமாட்டாராம். ஆகையால் ஒரு பசுவை மூன்று நாள் அநேகமாகப் புல்லில்லாமல் வைத்து, பிறகு இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பூண்டுத்தாள் கலந்து கொடுத்து, அதன் பாலையும் தயிரையும் நெய்யையும் பார்ப்பனர் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறது. பட்டினி பசுவுக்கு, மருந்து பார்ப்பனருக்கு, ஆசாரமும் கெடவில்லை!

சரி, நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் மெய்யா என்றால், அதையும் சோதித்துத்தான் ஒப்பவேண்டும். தலையில் புழுவெட்டு விழுந்தால் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பது நம் வழக்கம். 2002-ல் பாக்தாத் டாக்டர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் மயிர் முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இரண்டே பேருக்குத்தான் முளைத்தது. சிறிய சோதனைதான், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கவேண்டும். என்றாலும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் பாருங்கள், அதுதான் நான் விரும்புவது. உலக சுகாதார ஸ்தாபனமும் 1999-ல் வெளியிட்ட மூலிகை நூலில் பசியின்மைக்கு வெங்காயத்தைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வெங்காயத்தைச் சாமியாக்கிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்து, மூக்கில் நசுக்கின வெங்காயம், சுற்றிலும் கூட்டம். அரைமணி நேரம் போயிற்று. பிறகுதான் வண்டி பிடித்தார்கள். நல்லவேளை, பையன் பிழைத்தான். வலிப்பு தானாக நின்றால் வெங்காயத்துக்குப் பெயர், நிற்காவிட்டால் தலைவிதிக்குப் பழி! வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்புக் கடிக்கும் வெங்காயச் சாற்றை நம்பி உட்கார்ந்திராமல், விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.