கடாரத்தின் கற்களுக்குக் காவல் யார்?



சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில் பயணம் செய்பவர்களுக்கு ஜெராய் மலை வெகுதூரம் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். 1,217 மீட்டர் உயரமுள்ள மலை அது. வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டைக்கால மாலுமிகளுக்கும் கரை தெரிவதற்கு முன்பே இந்த மலைதான் தெரிந்தது. அதை அடையாளமாக வைத்து மெர்போக் ஆற்று முகத்துவாரத்துக்குள் கப்பலைத் திருப்பினார்கள். அவர்கள் வந்திறங்கிய வட்டாரத்தைத்தான் இன்று பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். தமிழர்கள் அன்று அதைக் கடாரம் என்று அழைத்தார்கள்.

கப்பல்கள் அங்கே தங்கியதற்குக் காற்று ஒரு முக்கியக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழகக் கரையிலிருந்து கிழக்கே வந்த கப்பல், வடகிழக்குக் காற்று தொடங்கும் வரை திரும்பிச் செல்ல முடியாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்கு அரிசி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், கும்பிட ஒரு கோயிலும் வேண்டும். கி.பி. 671-ல் சீனாவிலிருந்து கப்பலேறிய துறவி இ-சிங், இந்தியா செல்லும் வழியில் கடாரத்தில் தங்கிவிட்டுத்தான் வங்கக் கடலைக் கடந்தார். அவருக்கும் முன்னே, 5-ஆம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டிக் கல்லில் எழுதிவைத்தான். அந்தக் கல் 1834-ல் செபராங் பிறை வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கப்பல்கள் தங்கிச் செல்லும் இடமாக மட்டும் இந்த ஊர் இருக்கவில்லை. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்கள் வெளிப்பட்டன. உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளும் தெரியவந்தன. இவற்றின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே கொண்டுபோகிறார்கள். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் இங்கு வாழ்ந்த மக்கள் இரும்பு உருக்கும் தொழிலைப் பெரிய அளவில் நடத்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை. நம்மவர் மேடைகளில் இந்தச் செய்தி அதிகம் பேசப்படுவதில்லை என்பதுதான் வருத்தம். கடாரம் என்றதும் 1025-ல் இராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படையோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தப் படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு பெளத்த விகாரை எழுப்பினான். சூடாமணி விகாரை என்பது அதன் பெயர். இராஜேந்திரனின் தந்தையான இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரைக்கு எழுதிக் கொடுத்தான். படையெடுப்புக்கு 65 ஆண்டுகளுக்குப் பின், 1090-ல், கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிச் சலுகை பெற்றுச் சென்றார்கள். செப்பேடுகள் சொல்லும் செய்தி இது. போருக்கு முன்னும் பின்னும் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த விகாரை இப்போது இல்லை. அதன் மிச்சமென்று கருதப்பட்ட கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை சிதைந்த நிலையில் நாகப்பட்டினக் கடற்கரை அருகே நின்றது. கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. 1867-ல் அரசாங்கத்தின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். அந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்த 300-க்கும் மேற்பட்ட புத்தர் படிமங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கும் வேறு பல இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

கடல்வழியின் அந்த முனையில் 1867-ல் நடந்தது, இந்த முனையில் 2013-ல் நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி தரைமட்டமாகிவிட்டது என்ற செய்தி வெளியானது. பழங்காலக் கோயிலின் எஞ்சிய பகுதியை மலாய் மொழியில் சண்டி என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று கருதப்பட்ட கட்டடம் அது. மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அது போய்விட்டது. நிலம் தனியாருடையது, அந்த இடம் மரபுத் தலமாக அரசிதழில் பதிவு செய்யப்படவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் கையில் இருந்தும் அந்தக் கற்களைக் காக்க முடியவில்லை. மலேசியாவில் நிலம் மாநில அரசாங்கங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மத்தியில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, மாநிலமும் இணங்கி வர வேண்டும்.

அப்போது எழுந்த கோபம் நியாயமானதே. அறிக்கைகள் வந்தன, நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. ஆனால் இடிபடுவதற்கு முன் அந்தச் சண்டியைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மண்வாரி இயந்திரம் நுழைந்தால் கேட்பதற்கு யாரும் இருப்பதில்லை. சுற்றுப்பயணத் துறைக்கும் மரபுக் காப்புக்கும் உள்ள தொடர்பை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

மெர்போக் அருகே புக்கிட் பத்து பஹாட்டில் உள்ள சண்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் 1936, 37-ஆம் ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் தோண்டி முப்பது இடங்களை அடையாளம் கண்டார்கள். அவற்றுள் ஒன்றான இது 1960-ல் கல்மேல் கல் வைத்து மீண்டும் அமைக்கப்பட்டது. 1980-ல் பக்கத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேறு இடங்களிலிருந்த மூன்று சண்டிகளையும் பெயர்த்து வந்து இதே வளாகத்தில் வைத்தார்கள். பாதுகாப்புக்கு அது உதவியது. ஆனால் நான்கும் இந்தக் குன்றின் மேலேயே கட்டப்பட்டவை என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. பெங்காலான் பூஜாங் என்ற ஆற்றங்கரைத் துறையில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. அந்த ஆற்றைப் பார்க்காமல் கோயிலை மட்டும் பார்த்தால் கதை பாதிதான் புரியும்.

கோலாலம்பூரிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வரும் நம் குழுக்கள் பெரும்பாலும் என்ன செய்கின்றன? சண்டி முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. சோழர் பெருமை பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசுகிறார். பிள்ளைகள் பக்கத்து ஓடையில் காலை நனைக்கிறார்கள். பகல் சாப்பாடு பினாங்கில். மெர்போக்கில் ஒரு கோப்பை தேநீர்கூட வாங்குவதில்லை. தன் ஊருக்கு எவரெவரோ வந்து போகிறார்கள், தனக்கு ஒரு காசும் இல்லை என்றால், பக்கத்துக் கம்பத்துக்காரர் அந்தக் கற்களுக்காக ஏன் குரல் கொடுக்க வேண்டும்?

ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் நிலைமை மாறும். செமிலிங் படகுத்துறையிலிருந்து சதுப்புநிலக் காட்டு வழியாக மெர்போக் ஆற்றில் படகில் போகலாம். மாலுமிகள் வந்த வழி அதுதான். முகத்துவாரத்தில் தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர் இருக்கிறது, கருவாடும் பெலாச்சானும் அங்கே பேர்போனவை. படகோட்டிக்கும், வீட்டில் தங்க இடம் கொடுக்கும் குடும்பத்துக்கும், வழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞருக்கும் வருமானம் வரும். அடுத்த முறை தோட்டத்துக்குள் இயந்திரம் நுழையும்போது முதலில் தொலைபேசியை எடுப்பவர் அந்த இளைஞராகத்தான் இருப்பார்.

வியட்நாமின் பழைய துறைமுகமான ஹோய் ஆன் 1999-ல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. அங்கே பழைய வீடுகளையும் சீனர் சங்க மண்டபங்களையும் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் பெருகப் பெருக, வீட்டுக்காரர்கள் பலர் வீட்டைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடிபோய்விட்டார்கள். நம் ஜார்ஜ்டவுனிலும் இதுதான் நடந்தது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுத் தகுதி கிடைத்தபின் கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாக மாறின. சுவருக்குப் புதுச் சாயம் பூசப்பட்டது, உள்ளே இருந்த தொழிலும் குடும்பமும் வேறு இடம் தேடின.

பூஜாங் பள்ளத்தாக்குக்கு அந்த அளவு கூட்டம் இன்னும் வரவில்லை. அதனால் விதிமுறைகளை வகுக்க இதுவே ஏற்ற நேரம். சுங்கை பத்துவின் செங்கற்கள் மழைக்குக் கரையக்கூடியவை, காலடிக்கும் தேயக்கூடியவை. கூரையும், மிதிக்காமல் சுற்றிப் பார்க்கும் நடைபாதையும், ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் அங்கே அவசியம்.

ஜெராய் மலைக்கு வடக்கே, யான் வட்டாரத்தில், புக்கிட் சோராஸ் என்ற குன்று இருக்கிறது. 2023-ல் தொடங்கிய அகழாய்வில் அங்கே ஒரு பெளத்த தூபியும் ஆளுயரச் சுதைச் சிற்பங்களும் வெளிப்பட்டன. வேல்ஸ் 1937-லேயே பார்த்துக் குறித்த இடம்தான் அது. இத்தனை காலமும் மண்தான் அந்தச் சுதையைக் காத்துவந்தது. மூடியிருந்த மண்ணை இப்போது எடுத்தாகிவிட்டது. அங்கே பஸ் நிறுத்துமிடத்துக்கு மாநில அரசாங்கம் வரைபடம் போடுவதற்கு முன், குன்றின் எல்லையை அளந்து அரசிதழில் ஏற்றட்டும். அடுத்து, அடிவாரத்துக் கம்பத்திலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டிப் பயிற்சிக்கு அனுப்பட்டும்.