போகாதே என்று சொல்லும் புரதம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கும் முதுகுத் தண்டுவடத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கேபிள் அறுந்தால் இடத்தைத் தேடிப்பிடித்து ஜாயின்ட் போடுகிறோம். தண்டுவடமும் ஒரு கேபிள்தானே, அது மட்டும் ஏன் ஒட்டுவதில்லை? இந்த ஒரே கேள்வியோடு நாற்பது ஆண்டுகளாகப் போராடிய சூரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ஷ்வாப் அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கையில் நரம்பு வெட்டுப்பட்டு, டாக்டர் தைத்துவிட்டால், நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் திரும்ப வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அது நடப்பதில்லை. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், வளர்ந்தவர்களின் மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோன சங்கதி என்று எழுதினார். பெரியவர் சொல்லிவிட்டார், அப்புறம் பல வருஷம் அதுவே வேதம்.

1981-இல் கனடாவின் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இருவர், எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலமாக வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 30 மில்லிமீட்டர் வளர்ந்தன. ஆக, நரம்புக்கு வளரத் தெரியும். இடம்தான் சரியில்லை.

இடத்தில் என்ன கோளாறு? உரம் போதவில்லையா, இல்லை, ஏதாவது தடுக்கிறதா? 1985-இல் ஷ்வாப் ஒரு சோதனை செய்தார். வளர்ச்சிக் காரணியைத் தாராளமாக ஊற்றினார். கால் நரம்புத் துண்டுக்குள் இழைகள் புகுந்தன. கண் நரம்புத் துண்டுக்குள் புகவில்லை. உரம் இருந்தும் வளரவில்லை என்றால் தடுப்பது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 1988-இல் காரோனி என்பவரோடு சேர்ந்து அதைப் பிடித்தார். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலுள்ள புரதங்கள்! நம் பாஷையில் சொன்னால், இன்சுலேஷனே ஒயரை வளரவிடாமல் தடுக்கிறது. படித்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

1990-இல் அந்தத் தடையை ஓர் ஆன்டிபாடியால் மறித்தார்கள். இளம் எலிகளில் நரம்பிழைகள் காயத்தைத் தாண்டி 7 முதல் 11 மில்லிமீட்டர் வரை போயின. மருந்து இல்லாத எலிகளில் 1 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. 2000-இல் அந்தப் புரதத்தின் மரபணு கிடைத்தது. வைத்த பெயர் 'நோகோ'. போகாதே!

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள். 2003-இல் நோகோ இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி மூன்று ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. ஒருவருக்கு நரம்பு நன்றாக வளர்ந்தது, இன்னொருவருக்குக் கொஞ்சம், மூன்றாமவருக்கு வளரவே இல்லை. பதினைந்து வருஷ உழைப்பு ஆட்டம் காணும்போது எத்தனை பேர் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்? ஷ்வாப் உட்கார்ந்தார். 2019-இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் சோதனை தொடங்கியது. அடிபட்ட 28 நாளுக்குள் ஆரம்பித்து, தண்டுவட நீரில் ஆறு ஊசிகள். 2025-இல் முடிவு இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால், கையின் பலத்தில் மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் திட்டவட்டமான வித்தியாசம் இல்லை. ஓரளவு இணைப்பு மிச்சமிருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. அதையும் அடுத்த சோதனைதான் உறுதி செய்ய வேண்டும்.

இதையெல்லாம் நான் படித்ததற்குக் காரணம் என் சித்தப்பா பையன். பைக் விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று யாரோ ஆசை காட்ட, சித்தப்பா நிலத்தை விற்கக் கிளம்பிவிட்டார். "டேய், நீ படிச்சவன், சொல்லு" என்றார். நாற்பது வருஷம் பாடுபட்டவரே "அறிகுறி" என்பதற்கு மேல் பேசவில்லை, மூன்று ஊசியில் நடக்க வைப்பேன் என்பவரை எப்படி நம்புவது, சித்தப்பா? நிலம் தப்பியது. தம்பி இப்போது படுக்கைப்புண் வராமல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளப் பழகி, சக்கர நாற்காலியிலேயே கடைக்குப் போய் வருகிறான்.

உங்கள் வீட்டுக்கும் யாராவது இப்படி வந்தால், இது மருத்துவச் சோதனையா, நம் நாட்டு சோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன என்று முதலில் கேளுங்கள். சோதனை என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் பணமும் கேட்டால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.