பூங்காவின் சாவி யாரிடம்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற மேடையில் பூங்காவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். வேங்கைவயல் நடக்கிற நாட்டில் இது வசதியானவர்களின் கவலை இல்லையா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் முன்னோடிகள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று பாருங்கள். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோரும் புழங்கலாம் என்பதற்காக. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் இறங்கிய குளம் நகராட்சியின் குளம். எல்லோருக்கும் திறந்துவிட்டோம் என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானமும் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்திருந்த குளத்தில் இறங்க ஒரு போராட்டமே தேவைப்பட்டது.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொதுமக்கள் கூடும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. அங்கெல்லாம் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. பூங்கா அதில் அடக்கம். இன்று எந்தப் பூங்கா வாசலிலும் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாதபடி வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பூங்காவுக்கான நிலம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். அதற்குக் குறைவாக, 3,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளுக்கு நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடவும் வழி இருக்கிறது. நல்ல விதிதான், பல பூங்காக்கள் இதனால்தான் இருக்கின்றன. ஆனால் அங்கீகாரம் பெற்ற லேஅவுட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்த நிலம் பிறக்கும். சேரிக்கு யார் லேஅவுட் போட்டார்கள்? துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் வேலை செய்ய வந்தவர்கள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். அங்கே 10 விழுக்காடு ஒதுக்க மனைப்பிரிவு முதலாளி யாரும் இல்லை. வரைபடத்தில் அது 'ஆக்கிரமிப்பு', அவ்வளவுதான். தெருவே மூன்றடி, அதில் பூங்கா எங்கே?

அடுத்தது இன்னும் கொடுமை. கூவம் சீரமைப்பு என்ற பெயரில் கரையோரம் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என நகரின் கோடிக்கு அனுப்பப்பட்டன. பெரும்பகுதி தலித்துகள். அந்தத் திட்டத்தில் கரையோரப் பூங்காவும் நடைபாதையும் உண்டு. ஆறு சுத்தமாக வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் கூவத்தில் கழிவுநீரை விட்டது குடிசைக்காரர்கள் மட்டுமா? நகரம் முழுக்கக் கலந்தது, காலி செய்தது மட்டும் அவர்களை. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு இடையில் வண்டிகள் நிற்கிற சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை ஆய்வுக்காகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அவர்களுடைய பழைய வீட்டு வாசல்தான் நாளைக்கு இன்னொருவருடைய நடைபாதை.

சரி, பூங்கா இருக்கிற இடத்துக்கு வருவோம். அதிகாலையில் திறந்து, பத்து மணிக்குப் பூட்டி, மாலை நாலு மணிக்கு மறுபடி திறக்கிற பூங்காக்களின் வெளியே நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். அந்த நேரக் கணக்கு யாருக்காகப் போட்டது? காலையில் நடந்துவிட்டு அலுவலகம் போகிறவருக்கு. விடியலில் தெரு கூட்டத் தொடங்கிய தூய்மைப் பணியாளருக்கு நிழல் தேவைப்படுவது மதியம். இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு மூன்றாவது வீட்டுக்குப் போகிற அக்காவுக்கு உட்கார ஒரு இடமும் ஒரு கழிப்பறையும் தேவைப்படுவதும் அப்போதுதான். உணவு டெலிவரி செய்கிற தம்பி பூட்டிய கேட்டுக்கு வெளியே, வண்டி மேலேயே சாய்ந்து தூங்குகிறான். உள்ளே மரநிழல் காலியாகக் கிடக்கிறது. திறந்திருந்தாலும், பெஞ்சின் நடுவில் ஒரு இரும்புக் கம்பி. கை வைத்துக்கொள்ள என்று சொல்வார்கள். யாரும் படுத்துவிடக் கூடாது, அதற்குத்தான். தீண்டாமையைச் சட்டம் போட்டு ஒழித்த நாட்டில் வெல்டிங் வைத்துச் செய்கிற வேலை இது.

காதலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்கு வீடு கிடையாது. ஊர்த் தெருவும் கிடையாது. பூங்காவின் ஒரு மூலை கிடைக்கிறது. அங்கேயும் விசில் ஊதி எழுப்பி, பெயரென்ன, எந்த ஊர், அப்பா போன் நம்பர் கொடு என்று கேட்பதைக் 'கலாச்சாரப் பாதுகாப்பு' என்கிறார்கள். அந்த ஒரு போன் கால் வீட்டில் என்ன செய்யும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாயாவதி லக்னோவிலும் நொய்டாவிலும் பூங்காக்கள் கட்டியபோது எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கலாம். மக்கள் பணம் வீண், மரம் இல்லை, எல்லாம் கல் என்றார்கள். மே மாத வெயிலில் அந்தக் கல்லில் நடக்க முடியாது, அந்தக் குறை உண்மை. ஆனால் புத்தரும் ஃபுலேயும் அம்பேத்கரும் நிற்கிற ஒரு வெளிக்குள் பயமில்லாமல் நுழைகிற குடும்பத்துக்கு அது என்ன தரும் என்று அந்தக் கட்டுரையாளர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் அண்ணல் சிலையே இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது.

கடைசியாக, செய்ய வேண்டியது. உங்கள் வார்டில் ஓஎஸ்ஆர் நிலம் எவ்வளவு, அதில் எவ்வளவு பூங்காவாக இருக்கிறது, நிலத்துக்குப் பதில் வசூலித்த பணம் எங்கே செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். மதியம் பூட்டக் கூடாது, கழிப்பறை திறந்திருக்க வேண்டும், மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று ஒரு மனுவும் எழுதியிருக்கிறோம். அந்தத் தாள் இப்போது பின்வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. படித்துப் பார்த்து, விட்டுப்போனது இருந்தால் ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.